மாதா சாப்பிடும் நேரம்

கடைத்தெருவுக்கு நடுவே நின்ற பழைய மாதா கோயிலின் கோபுரத்தில் ஒரு மணி தொங்கியது. ஆயர் கையால் ஞானஸ்நானம் வாங்கி, மிக்கேல் என்று பேரும் பெற்ற மணி. அதன் பெருமையைக் கேட்கவா வேண்டும்!

"பகல் பன்னிரண்டுக்கு நான் ஒலித்தால் இந்த நகரமே ஜெபம் சொல்கிறது, தெரியுமா?" என்றது கோபுரத்தில் வந்து உட்காரும் காக்கையிடம்.

"ஜெபமா? நாலைந்து பேர் சொல்லலாம். மற்றவர்கள் சோற்றுத் தூக்கைத்தான் திறக்கிறார்கள். நான் தினமும் பார்க்கிறேனே!" என்றது காக்கை.

மிக்கேலுக்குச் சுருக்கென்றது. நூற்றெண்பது வருஷமாக நான் வெறும் சாப்பாட்டு மணிதானா?

மறுநாள் பன்னிரண்டுக்குக் கோயில்பிள்ளை கயிற்றை இழுத்தார். மணி நாக்கை அசைக்கவே இல்லை. கயிற்றில்தான் ஏதோ கோளாறு என்று அவர் ஏணி தேடிப் போனார்.

கீழே கோயில் வாசலில் பூக்கட்டும் அலமேலு, தூக்கைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"மணி ஒண்ணாகப் போகுதே, சாப்பிடலையாம்மா?" என்று கேட்டார் பக்கத்தில் குடை ரிப்பேர் செய்யும் காதர் பாய்.

"மாதாவுக்குச் சோறு வைக்கறப்பதானே பாய் மணி அடிப்பாங்க? இன்னும் அடிக்கலையே. அவ பட்டினியா இருக்கறப்ப எனக்கு எப்படித் தொண்டையில இறங்கும்?"

"அதுவும் சரிதான்" என்று பாய் தன் டப்பாவையும் மூடி வைத்தார்.

கோயில்பிள்ளை ஏணியோடு வந்து பார்த்தபோது கயிறு சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. மிக்கேல் அடித்துக்கொண்டிருந்தது.