வாடகைக் குற்றவாளி

ஆரணி கோர்ட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில், தன் அப்பாவை வண்டி ஏற்றிக் கொன்றவனுக்கு ஜெயக்குமார் மசால்வடை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

நிஜமாகக் கொன்றவன் யார் என்று போலீசுக்கே தெரியாது. இவன், கூலிக்குப் பேசி அமர்த்திய ஆள். பெயர் ஆல்பின். சேத்துப்பட்டில் காய்கறி வேன் ஓட்டுகிறவன்.

ஜெயக்குமாரின் அப்பா அருணகிரி, முள்ளிப்பட்டில் பட்டு நெய்தவர். ஐப்பசி மழையில், விடிந்தும் விடியாத நேரத்தில் மொபெட்டில் ஆரணிக்குப் புறப்பட்டார். மதகுத் திருப்பத்தில் ஏதோ ஒரு வண்டி அவரை இடித்துவிட்டுப் போய்விட்டது. நம்பரைப் பார்த்தவர் யாரும் இல்லை.

"வண்டி எதுன்னே தெரியலேன்னா, கவர்மெண்டு குடுக்கறத வாங்கிகினு போவ வேண்டியதுதான். வண்டி தெரிஞ்சா இன்சூரன்ஸ் கம்பெனி குடுக்கும். இது சுக்குக் காப்பி, அது கல்யாண விருந்து" என்று விளக்கியவர் துரைக்கண்ணு. நஷ்டஈட்டு வழக்குக்கு வேண்டிய வண்டி, டிரைவர், சாட்சி எல்லாம் அவரிடம் கிடைக்கும். பந்தல், பாத்திரம், சமையல்காரர் என்று எல்லாவற்றையும் ஒரே ஆள் பேசி விடுவதில்லையா, அது மாதிரி.

ஜெயக்குமார் சுக்குக் காப்பியோடு விட்டிருப்பான். அவன் அம்மா அபிதகுசாம்பாள் விடவில்லை.

"துட்டு கெடக்குதுடா. இடிச்சவன் என் மூஞ்சிக்கு நேரா வந்து, நான்தான்னு சொல்லணும். சொல்லாத வரிக்கும் எந்தப் பேப்பர்லயும் கையெழுத்து போட மாட்டேன்."

அத்தோடு ஒருவேளைச் சோறு என்று ஆக்கிக்கொண்டாள். ஆள் பாதியாகிவிட்டாள். பணமும் வேண்டும், அம்மாவும் சாப்பிட வேண்டும். இரண்டுக்கும் ஒரே மருந்தாகத் துரைக்கண்ணு கொண்டுவந்து நிறுத்தியவன்தான் ஆல்பின்.

அவனே ஸ்டேஷனுக்குப் போய் நின்றான். போலீஸ் கேசில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதமும் கட்டினான். "இடிச்சவன் கெடச்சிட்டாம்மா. கோர்ட்டுல ஒன் மூஞ்சிக்கு நேரா சொல்லுவான்" என்று ஜெயக்குமார் சொன்ன அன்றுதான் அபிதகுசாம்பாள் பேனாவைத் தொட்டாள்.

"பேரமே பேசலப்பா" என்று துரைக்கண்ணுவுக்கு இன்னும் ஆச்சரியம். "வேற எவனா இருந்தா பேஜார் பண்ணியிருப்பான். இவன் நான் வாயத் தொறக்கறதுக்குள்ள சரின்னுட்டான். தங்கமான ஆளு."

தங்கமான ஆள் வடையைத் தொடவே இல்லை.

"ஞாபகம் இருக்கில்ல?" என்றார் துரைக்கண்ணு. "மழை. எதிர்ல தெரியல. இடிச்சது தெரிஞ்சி, பயந்துகினு நிறுத்தாமப் போயிட்ட. அவ்ளோதான். மேல ஒரு வார்த்தை பேசாத."

ஆல்பின் தலையாட்டினான்.

ஜெயக்குமார் சாலையைத் தாண்டி, கோர்ட்டு வாசலில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் போனான். அங்கேயும் ஒரு ஒத்திகை பாக்கியிருந்தது.

"ஜட்ஜய்யா கிட்ட பொடவை சமாச்சாரத்த சொல்லப்போறேன்டா" என்றாள் அவள். "உசிரு போற நேரத்துல கூட பொடவைய மண்ணுல விடாம, மதகு மேல வெச்சி, பறக்காம கல்லு வெச்சிட்டுப் போன மனுஷன். நாலு பேருக்குத் தெரிய வேணாமா?"

"அம்மா, வாயத் தொறக்காத. அது ஒனக்கும் எனக்கும்தான் தெரியும். வக்கீலுக்கே தெரியாது."

தெரியாததற்குக் காரணம் இருந்தது. அது அப்பா நெய்து முடித்து, ஆரணி முதலாளியிடம் கொடுக்க எடுத்துப்போன முகூர்த்தப் புடவை. போலீஸ் கண்ணில் பட்டால் சாட்சிப் பொருளாகி பீரோவுக்குள் போய்விடும். கல்யாணப்பெண் எதைக் கட்டிக்கொள்வாள்? அதனால் விஷயம் தெரிந்து முதலில் ஓடிய ஜெயக்குமார், போலீஸ் வருவதற்குள் புடவையை எடுத்து வீட்டில் வைத்துவிட்டான். முதல் நாளே தறியிலிருந்து அறுத்து வீட்டில் இருந்த புடவை என்று சொல்லி முதலாளியிடம் கொடுத்தும் விட்டான். ஊரே துக்கத்துக்கு வந்தது. புடவை வந்த வழியை யாரும் கேட்கவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள்.

இன்சூரன்ஸ் வக்கீல் கெட்டிக்காரர். கூண்டில் நின்ற ஆல்பினை மேலும் கீழும் பார்த்தார்.

"பணம் வாங்கிக்கொண்டு இந்தப் பழியை ஏற்கிறீர்கள் என்கிறேன்."

"இல்லீங்க. நான்தாங்க இடிச்சேன்."

"இடித்துவிட்டு நிற்காமல் போனீர்களாக்கும்?"

"நின்னேங்க. எறங்கிப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தாரு. பயந்து ஓடிட்டேங்க." சொல்லிவிட்டுக் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

"இது நான் சொல்லிக் குடுக்காதது" என்று துரைக்கண்ணு ஜெயக்குமாரின் காதில் கிசுகிசுத்தார். "சொந்த சரக்கு. எங்கியோ நாடகம் போட்டிருக்கான்பா."

வெளியே வந்ததும் அபிதகுசாம்பாள் நேராக ஆல்பினிடம் போனாள். ஜெயக்குமார் பின்னாலேயே ஓடினான்.

"சாப்பிட்டியாப்பா?"

அவன் இல்லையென்று தலையசைத்தான்.

"மறைக்காம சொல்லிட்ட. எனக்கு அது போதும். வா, நானும் இன்னும் சாப்பிடல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எதிரே இருந்த ஓட்டலைப் பார்த்து நடந்தாள். பல மாதத்துக்குப் பிறகு அவள் நடையில் ஒரு வேகம் இருந்தது.

ஜெயக்குமாருக்குச் சந்தோஷம் பாதி, உறுத்தல் பாதி. பெற்றவளை ஒரு வாடகை ஆளை வைத்து ஏமாற்றிய பாவம் எந்தக் கோயிலில் தீருமோ! ஆனால் வேலையைச் சுத்தமாகச் செய்தவனுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். கவரை நீட்டினான்.

ஆல்பின் வாங்கவில்லை.

"இன்னாப்பா, சேத்து வேணுமா?"

"துட்டு கெடக்கட்டும்ணா" என்றான் ஆல்பின், குரலை இறக்கி. "மண்ணுல விட்றாதன்னு உங்க நைனா என் கையில குடுத்தாரே, நான் மதகு மேல கல்லு வெச்சிட்டு வந்தேனே, அந்தப் பொடவை பத்திரமா போய்ச் சேந்துதா?"