ஒப்பீசுக்கு நிக்கணும்

“என்னங்க, வாசல்ல நிக்கிற ஆளு நம்மளையே பாக்குறாரு. எந்திரிச்சுப் போயிருவோமா?” பிலோமி உதடு அசையாமல் கேட்டாள்.

“பேசாம இரு புள்ள. பாதிப் பூசையில போனாத்தான் சந்தேகம் வரும்” என்றான் அவள் புருஷன் மிக்கேல்ராஜ். அவன் கண்ணும் வாசல் பக்கமே போய்ப் போய் வந்தது.

வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு மலையாள சர்ச். போடியிலிருந்து ஜீப் பிடித்து வந்த இரண்டு பேருக்கும் ஆமேனைத் தவிர ஒன்றும் விளங்கவில்லை. ஊரோடு எழுந்தார்கள், ஊரோடு உட்கார்ந்தார்கள்.

பிலோமி பூசைக்காக வரவில்லை. அவள் அப்பா சூசையப்பனை இந்த சர்ச் கல்லறைத் தோட்டத்தில்தான் புதைத்திருக்கிறார்கள். ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, யார் கண்ணிலும் படாமல் மலை இறங்கிவிட வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

யார் கண்ணிலும் படக்கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது, பேய்மழை கொட்டிய ஒரு நாள், சூசையப்பன் வேலை பார்த்த தோட்டத்தில் ஒரு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாராம். மண் சரிந்து ஆளை மூடிவிட்டதாம். போடிமெட்டுப் பாதையும் அடைபட்டுப் போனதால் இங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

“பிஜு முதலாளியோட ஏலக்கா மூட்டைதான் அது. திருடிட்டு ஓடுனவனை ஆண்டவரே அமுக்கிட்டாரு” என்று தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்த தோட்டத்து ஆட்கள் சொன்னார்கள். ஊர் வாயை யார் மூடுவது? அம்மா சாகிற வரைக்கும் இந்த மலைப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இன்றைக்கு அப்பா செத்த நாள். பிலோமி துணிந்து வந்துவிட்டாள். வந்த இடத்தில் மிக்கேல்ராஜ் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா? டீக்கடையில், “சூசையப்பன்னு ஒரு தமிழாளு, அவரு கல்லறை எங்கிட்டு இருக்கு? எம் மாமனாருதான்” என்று கேட்டுத் தொலைத்தான்.

கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, “பிஜு சேட்டா...” என்று ஆரம்பித்தார்.

பிலோமி புருஷன் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் பேசி முடிப்பதற்குள் கூட்டத்தோடு கூட்டமாக சர்ச்சுக்குள் நுழைந்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் இந்த மீசைக்காரர் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

பீடத்தில் ஃபாதர் ஏதோ வாசித்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரே ஒரு சொல் தெளிவாக விழுந்தது. சூசையப்பன்.

முன்பெஞ்சுத் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி இவர்களைப் பார்த்தன.

“அப்பா பேரைச் சொன்னாரே. என்னன்னு சொல்றாரு?”

“திருட்டைத்தான் சொல்றாரு போல. ஊருக்கே தெரிஞ்சுபோச்சு.” மிக்கேல்ராஜுக்குத் தெரிந்த மலையாளம் பஸ் போர்டு படிக்கக்கூடக் காணாது. இருந்தாலும் பொண்டாட்டி கேட்டால் தெரியாது என்று சொல்கிற வழக்கம் அவனுக்கு இல்லை.

பூசை முடிந்ததும் நழுவப் பார்த்தார்கள். மீசைக்காரர் கையை நீட்டி மறித்தார்.

“சூசையப்பன்டெ மோளல்லே?”

மகள்தானே என்று கேட்கிறார். பிலோமியின் தலை தன்னால் ஆடிவிட்டது.

“ஞான் பிஜு. போகருது. ஒப்பீசு உண்டு. ஒப்பீசுக்கு நிக்கணும்.” அவர் கண் சிவந்திருந்தது. கோபம்தான் என்று பிலோமி முடிவுகட்டிக்கொண்டாள்.

“போகக்கூடாதாம். ஆபீசுக்குக் கூப்பிடுறாரு” என்று கிசுகிசுத்தான் மிக்கேல்ராஜ். “தோட்டத்து ஆபீசுக்கு. மூட்டைக்குப் பணம் கட்டுறோம்னு கையெழுத்து வாங்காம விடமாட்டாங்க புள்ள.”

“ஐயா, அப்பா செஞ்சதுக்கு நான் என்ன செய்வேன்? ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டுப் போயிர்றோம். விட்ருங்க.” பிலோமி கையெடுத்துக் கும்பிட்டாள்.

பிஜு திரும்பி, “ஜிஷா” என்று கூப்பிட்டார். ஒரு இளம்பெண் ஓடிவந்து பிலோமியின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“வாங்க சேச்சி.”

சர்ச்சின் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போனாள். ஃபாதரும் கூட்டமும் பின்னாலேயே வந்தார்கள்.

“போலீசு ஜீப்பு பின்னாடிதான் நிக்கும்” என்றான் மிக்கேல்ராஜ், அழாத குறையாக.

பின்னால் ஜீப் இல்லை. கல்லறைத் தோட்டம் இருந்தது. ஓரமாகப் புதுசாய் வெள்ளையடித்த ஒரு கல்லறை. சிலுவையில் தமிழிலேயே சூசையப்பன் என்று எழுதி, பூமாலை போட்டிருந்தார்கள். ஃபாதர் தீர்த்தம் தெளித்துச் செபத்தை ஆரம்பித்தார். பிஜு ஒரு மெழுகுவத்தியை ஏற்றிப் பிலோமியின் கையில் கொடுத்தார்.

“ஆபீசுன்னாரே...” என்று இழுத்தான் மிக்கேல்ராஜ்.

“ஆபீசு இல்ல சேட்டா, ஒப்பீசு. செத்தவங்களுக்காகக் கல்லறையில வேண்டுற செபம்” என்றாள் பிஜுவின் மகள் ஜிஷா. தோட்டத்துத் தமிழ் அவளுக்கு நன்றாகவே வந்தது. “எல்லா வருசமும் இந்த நாள்ல இவருக்காக எங்க வீட்டுலதான் பூசை வைப்போம். போடிப்பக்கம்னு மட்டும்தான் தெரியும், வேற விவரம் தெரியாது. யாராச்சும் தேடி வந்தா விட்ராதீங்கன்னு டீக்கடையில சொல்லி வச்சிருந்தோம்.”

பிலோமிக்குத் தலைகால் புரியவில்லை. “உங்க தோட்டத்து மூட்டையைத் தூக்கிட்டு ஓடுன ஆளுக்கா பூசை வைக்கிறீங்க?”

ஜிஷா பிடித்த கையை விடவில்லை.

“மூட்டைதான் சேச்சி. எங்க வீட்டு மேல மண்ணு சரிஞ்சப்ப, மழைக்குச் சாக்கைச் சுத்தித் தூக்கிட்டு ஓடியாந்து, மேட்டுல நின்ன எங்கப்பா கையில குடுத்துட்டுத்தான் அவரு மண்ணுக்குள்ள போனாரு. அந்தச் சாக்குக்குள்ள இருந்தது நான்தான்.”