பிள்ளைக்காக நடந்த நடை

“ஏட்டி பிரீனா, டாக்டர் என்ன சொன்னாரு? சட்டுன்னு சொல்லு மக்களே, எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கி!”

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி, டாக்டரின் அறைக்குள் இருந்த மகளுக்குக் குரல் கொடுத்த ராஜையனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கருங்கல் சந்தையில் வாழைக்குலை வியாபாரம் செய்கிறவர். அன்று கடையையே பூட்டிவிட்டு வந்திருந்தார்.

மகளுக்கு ஏற்கெனவே பிசிஓடி. மாதவிலக்கு ஒழுங்காக வருவதில்லை. போதாக்குறைக்கு சுகரும் ஏறிவிட்டது என்று மூன்று மாதம் முன்பு அவள் வந்து சொன்னதிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குச் சில நாள் முன்புதான், வீட்டு ஆட்களின் ரத்தத்தையும் பார்த்தால்தான் பிசிஓடிக்கு மருந்து எழுத முடியும் என்று டாக்டர் சொன்னாராம். ஊசியைக் கண்டால் காத தூரம் ஓடுகிறவர், “எனக்க பிள்ளைக்கு இல்லாத ரத்தமா? எடு!” என்று கையை நீட்டினார். போன வாரம் மறுபடியும் கேட்டபோதும் நீட்டினார்.

“எறங்கியாச்சுப்பா! மாத்திரையே வேண்டாமாம்!” பிரீனா அறையிலிருந்து ஓடிவந்தாள்.

“கர்த்தாவே, ஸ்தோத்திரம்!” ராஜையன் ஒரு துள்ளு துள்ளினார். உடனே வீட்டுக்குப் போன் போட்டார்.

“ஏட்டி ராஜபாய், பிள்ளைக்க சுகரு எறங்கியாச்சு! பின்ன சும்மாவா? தெனமும் விடியக்காலம் அவகூட நடந்தது யாரு? அவளுக்குத் திங்கக் கொதி வரப்பிடாதுன்னு மரச்சீனிக் கிழங்கையும் பழம்பொரியையும் ஏறெடுத்துப் பாக்காம இருந்தது யாரு? எனக்கொரு சீக்கும் இல்ல, கேட்டியா. எல்லாம் பிள்ளைக்காகவாக்கும்!”

மறுமுனையில் மனைவி ஏனோ விழுந்து விழுந்து சிரித்தாள். சந்தோஷத்தில் சிரிக்கிறாள் என்று விட்டுவிட்டார்.

சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார். ராஜையன் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார். “எனக்க பிள்ளைக்க சுகரை வெரட்டியாச்சே, டாக்டரே!”

டாக்டர் திருதிருவென்று விழித்தார். “பிரீனாவுக்கு சுகரே கிடையாதே! பிசிஓடி உள்ள பிள்ளைகளோட அப்பாவுக்கும் சுகர் வர வாய்ப்பு உண்டுன்னுதான் உங்க ரத்தத்தையும் பாக்கச் சொன்னேன். ஏறியிருந்ததும் உங்களுக்கு, இப்ப இறங்கினதும் உங்களுக்கு. இவ உங்ககிட்ட சொல்லவே இல்லையா?”

ராஜையன் மகள் பக்கம் திரும்பினார்.

“ஒங்களுக்குன்னு சொல்லியிருந்தா, நீங்க நம்ம வீட்டு முற்றத்தையாவது தாண்டியிருப்பியளாப்பா?” என்றாள் பிரீனா.