நாற்பத்தொன்றாம் எண் படம்

"திருட்டுப் பய! என் படத்தைத் திருடி, என் ஊர்ப் பத்திரிகையிலயே பரிசும் வாங்கறான்னா அவனுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் இருக்கணும்!"

ஸ்வேர்ரே அன்றைய பத்திரிகையை மேஜைமேல் ஓங்கி அடித்ததில், ஆசிரியர் யோருனின் காப்பி தளும்பித் தட்டில் கொட்டியது. முதல் பக்கம் முழுக்க, இரவு வானில் பச்சையும் ஊதாவுமாகத் திரைபோல் மடிந்து தொங்கும் துருவ ஒளி. அடியில் கடல் தண்ணீரில் அதே ஒளி தலைகீழாக. 'குளிர்காலப் போட்டியில் முதல் பரிசு: எண் 41' என்று மட்டும் போட்டிருந்தது.

"உட்காருங்க ஸ்வேர்ரே. வாஃபிள் சூடா இருக்கு, சாப்பிடுங்க."

"வாஃபிள் திங்கவா வந்தேன்? யாரு அந்த நாற்பத்தொண்ணு? பேரைச் சொல்லுங்க!"

"எனக்கே தெரியாது. போட்டிக்கு எண் மட்டும்தான். பேரு தனியா ஒட்டி மூடின உறைக்குள்ள இருக்கு. எண்ணோட கொடுத்திருந்த மின்னஞ்சலுக்கு, பதினோரு மணிக்கு நேர்ல வரச் சொல்லி எழுதினேன், வரேன்னு பதில் வந்திருக்கு."

"வரட்டும்! சட்டையைப் பிடிச்சு உலுக்காம விடப் போறதில்லை."

ஸ்வேர்ரேயின் மனைவி தூரித் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கம்பளிக் கையுறையோடு இரண்டு கையாலும் காப்பிக் கோப்பையைப் பிடித்திருந்தாள்.

"இங்க கதகதப்பாத்தானே இருக்கு, கையுறையைக் கழட்டலாமே" என்றார் யோருன்.

"இருக்கட்டும்" என்றாள் தூரித்.

கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வட துருவப் பக்கத்துச் சென்யா தீவில் துருவ ஒளி என்றாலே ஸ்வேர்ரேதான். இரண்டு படப் புத்தகங்கள் போட்டாகிவிட்டது, பள்ளிக்கூடங்களில் பேசியாகிவிட்டது. பரிசு பெறும் படத்தை விமான நிலையக் கூடத்தில் சுவர் அகலத்துக்கு மாட்டி, எடுத்தவர் பெயரைக் கீழே பெரிதாகப் போடப் போகிறார்கள். அந்தப் பெயர் வேறு எவனுடையதோ என்றால் மனிதருக்கு வயிறு எரியாதா?

"உங்க படம்னா, மூலப் படம் உங்ககிட்ட இருக்கணுமே?"

"அதைத்தானே அடிச்சுட்டுப் போயிட்டான்! படம் எடுத்த அன்னிக்கு ராத்திரியே கேமராத் திரையில என் கண்ணால பார்த்தேன். இந்த மடிப்பு, இந்த ஊதா விளிம்பு, எல்லாம் இதேதான். மறுநாள் பார்த்தா மெமரி கார்டைக் காணோம். பக்கத்து வீட்டு ஆஸ்லாக்தான் எடுத்திருப்பான். கேமரா எத்தனை விலைன்னு போன மாசம்தான் விசாரிச்சான்."

"ஆஸ்லாக்கை இழுக்காதீங்க" என்றாள் தூரித் மெல்ல.

"நீ சும்மா இரு. எல்லாரும் உனக்கு நல்லவங்க!" அவர் யோருன் பக்கம் திரும்பினார். "மைனஸ் இருபத்திரண்டு டிகிரி! நாலு மணி நேரம்! காத்து வேற. விரலெல்லாம் மரத்துப் போய் வெள்ளை வெளேர்னு ஆயிடும், தெரியுமா? ஆறு செகண்ட் கேமரா கண்ணைத் திறந்தே வெச்சிருக்கணும். அந்த ஆறு செகண்ட்ல எது அசைஞ்சாலும் படத்துல கலங்கிப் போகும். அசையாம இருக்கறது மட்டும்தான் தெளிவா விழும். இந்த வித்தையெல்லாம் கார்டைத் திருடினவனுக்குத் தெரியுமா?" வாஃபிளைப் பிய்த்துப் பழுப்புப் பாலாடைக்கட்டியை அதன்மேல் வைத்த அவர் விரல்கள் ரோஜா நிறத்தில் இருந்தன.

"உங்களுக்கு யாராவது சாட்சி?"

"இதோ இருக்காளே! சொல்லேன் தூரித்."

"நானும் அங்கதான் இருந்தேன்" என்றாள் அவள். "படத்தை எடுத்தவங்க பேருதான் கீழே வரணும். அதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை."

"கேட்டீங்களா?"

யோருன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றுக்கு நாலு நிமிடம். "மனைவி சாட்சின்னா நாலு பேர் சிரிப்பாங்க. வேற ஏதாவது இருக்கா?"

ஸ்வேர்ரேக்குச் சட்டென்று முகம் மலர்ந்தது.

"இருக்கு! பத்திரிகையில ஓரத்தை வெட்டிட்டீங்க. போட்டிக்கு வந்த முழுப் படத்தை எடுங்க. இடது ஓரத்துல என் கார் நிக்கணும். அன்னிக்கு அந்தக் கரையில இருந்தது என் கார் ஒண்ணுதான்."

யோருன் கணினித் திரையில் முழுப் படத்தைத் திறந்தார். இடது ஓரத்தில், பனிக்கு நடுவே, உள்விளக்கு எரிய ஒரு கார் நின்றது. மேலே பனிச்சறுக்குக் கட்டை வைக்கும் பச்சைப் பெட்டி.

"பச்சைப் பெட்டி! இந்தத் தீவுலயே என் காருக்கு மட்டும்தான். பெரிசாக்குங்க, நம்பரே தெரியும். இனிமே என்ன சொல்லப் போறான் அந்தத் திருடன்?"

யோருன் பெரிதாக்கினார். நம்பர் தெரிந்தது. இன்னும் பெரிதாக்கினார். பிறகு திரையை ஸ்வேர்ரே பக்கம் திருப்பினார்.

காருக்குள், மஞ்சள் விளக்கடியில், இப்போது அவர் தலையில் இருக்கும் அதே சிவப்புக் குல்லாயோடு ஒருவர் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். ஆறு வினாடியும் அசையவே இல்லை போலும். முகம் அத்தனை தெளிவாக விழுந்திருந்தது.

கடிகாரம் பதினொன்று அடித்தது.

தூரித் எழுந்தாள். மேஜையைச் சுற்றிப் போய், பரிசு பெற்றவருக்காகப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, கையுறைகளைக் கழற்றினாள். விரல் நுனிகள் குளிரில் வெந்து, கறுத்துத் தோலுரிந்திருந்தன.

"நாற்பத்தொண்ணு நான்தான், கார்டும் என்கிட்டதான் இருக்கு" என்றாள். "அந்த விளக்கை அணைங்கன்னு மூணு தடவை கார்க் கண்ணாடியைத் தட்டினேன். மனுஷன் எழுந்தாத்தானே!"