பதினான்காவது வில்லை

"குன்வோர், இன்னும் கோபமா?"

படுக்கையை மறைத்திருந்த திரைச்சீலை அசையவில்லை. ஐவிண்ட் குனிந்தபடி நின்றான். அந்தப் பழைய பாய்மரக் கப்பலின் கீழ்த்தளத்தில் நிமிர்ந்தால் உத்தரம் மண்டையில் இடிக்கும்.

"கரையில எல்லார் முன்னாடியும் உன்கிட்ட கத்தினது தப்புதான். அதுக்காக முதல் படகுலயே திரும்பி வந்து இப்படிப் படுத்துக்கணுமா?"

கையிலிருந்த தட்டைத் திரையருகே நீட்டினான்.

"சரி, பேச வேணாம். சூடா வாஃபிள் கொண்டு வந்திருக்கேன், சாப்பிடு."

மேல்தளத்தில் திடீரென்று ஆரவாரம். "பனிக்கரடி! நாம நடந்த அதே கரையில!"

"கேட்டுச்சா? இதைப் பார்க்கத்தானே ஸ்வால்பார்டுக்கு வரணும்னு உயிரை எடுத்தே! எழுந்து வா, அப்புறம் என்னைத் திட்டாதே."

துணை கேப்டன் ராங்ஹில்ட் படியிறங்கி வந்தாள். "உயிர்காப்புச் சட்டை ஒண்ணு குறையுது. உங்க மனைவி கழட்டித் தரலையா?"

"கோபத்துல அதோடவே படுத்திருப்பா." சிரித்துக்கொண்டே திரையை விலக்கினான்.

தலையணை மட்டும் இருந்தது.

ராங்ஹில்டின் முகம் வெளுத்தது. "மேல்தளப் பலகையில அவங்க பேர் எழுதின வில்லை வெள்ளைப் பக்கம் இருந்துச்சே! கரைக்குப் போறப்ப சிவப்பு, திரும்பி வந்தா வெள்ளை, அவங்கவங்களேதான் திருப்பணும்னு முதல் நாளே சொன்னேனே! பதினாலும் வெள்ளைன்னு பார்த்துட்டுத்தான் நங்கூரம் தூக்கினோம்!"

தட்டு அவன் கையிலிருந்து நழுவியது.

"அவ தினமும் மறந்துடுவா... நான்தான் திருப்பி வைப்பேன். இன்னைக்கும்..."

மேலே கைதட்டல். யாரோ உற்சாகமாகக் கத்தினார்கள்: "பாருங்க, பாருங்க! எதையோ மோப்பம் பிடிச்சுட்டு அந்தப் பாறைக்குப் பின்னாடி ஓடுது!"