அருளப்பனின் நாக்கு

கம்பத்தில் இருந்த தங்கள் ஒயின் ஆலையில், மனைவி பிலோமினா தன் கைப்பக்குவத்தில் போட்ட பீப்பாயிலிருந்து ஒரு மடக்கு குடித்துவிட்டு, "அமிர்தம்டி," என்றார் அருளப்பன். வருடாவருடம் சொல்வதுதான். அன்று மத்தியானமே நெஞ்சுவலியில் போய்விட்டார்.

அவர் நாக்கு உணர்ந்ததையெல்லாம் இருபது வருடமாகப் பதிவுசெய்துவைத்த கருவிதான் இப்போது ஆலையின் ஒவ்வொரு பீப்பாய்க்கும் அவர் குரலில் ருசி சொல்கிறது. அடுத்த வருடம் பிலோமினாவின் பீப்பாய்க்கு வந்ததும், "ஒரே புளிப்பு. கொட்டிருங்க," என்றது.

"மிசினு கெட்டுப்போச்சா, சவரி?"

மகன் தலை நிமிரவில்லை. "இல்லம்மா. எல்லா வருசமும் அப்பா நாக்கு இதத்தான் சொல்லியிருக்கு. வாய்தான் வேற சொல்லுச்சு."

"நாக்க எடுத்து வச்சவனுக அந்தப் பொய்யவும் எடுத்து வச்சிருக்கக் கூடாதாடா?"

பீப்பாயை அவளே கவிழ்த்தாள். வாசல் பலகையில் அருளப்பன் கையால் எழுதிய ஆலையின் பெயர் அப்படியே இருந்தது: பிலோமினா.