பாலத்துக்கு அடியில்

பழைய கால்வாயில் மறுபடி சரக்குப் படகு ஓடுமா என்று பார்க்க, சிமெண்ட் மூட்டைகளோடு முதல் படகு வந்தது. குடியிருப்பை ஒட்டிய நடைபாலத்துக்கு அடியில் அது சிக்கிக்கொண்டது. கடல் ஏறும் நேரம். கால்வாயில் நீர் உயர உயர, படகறையின் கூரை பாலத்து உத்தரத்தில் அழுந்தியது. கதவு இறுகிவிட்டது. உள்ளே இருந்த படகோட்டி அந்தோணிராசு கதவை உதைத்துக்கொண்டிருந்தார்.

"எடை கூடினா படகு கீழ இறங்கும். எல்லாரும் ஏறுங்க, தயவுசெஞ்சு!" சோதனை ஓட்டத்தைப் பார்த்து அறிக்கை எழுத வந்து, படகின் முனையில் நின்ற பொறியாளர் இசைவாணி கரையைப் பார்த்துக் கத்தினாள்.

கரையில் கூடியிருந்த குடியிருப்புக்காரர்கள் யாரும் அசையவில்லை. படகு ஓடினால் கால்வாயை அகலமாக்க அவர்களுடைய கரையோர வீடுகளை இடிப்பார்கள். சுவர்களில் சிவப்பு எண் போட்டாகிவிட்டது.

கூரைத் தகடு மடங்கும் சத்தம் கேட்டது. உள்ளே உதைப்பது நின்றுபோனது.

கரையில் நின்ற செங்கமலம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். "மனுசன் உள்ள கெடக்கான். எல்லாரும் வாங்க!"

ஐம்பது பேர் ஏறி மூட்டைகள்மேல் நெருக்கி நின்றார்கள். படகு இரண்டு விரற்கடை தாழ்ந்தது. நீரோட்டத்தில் உரசிக்கொண்டே நகர்ந்து பாலத்தைத் தாண்டியது. கதவை நெம்பித் திறந்ததும், நெற்றியில் ரத்தத்தோடு அந்தோணிராசு தவழ்ந்து வெளியே வந்தார்.

யாரோ கைதட்டத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்.

ஈர முந்தானையைப் பிழிந்தபடி செங்கமலம் கேட்டாள்: "ஏம்மா, படகு போவும்னு எழுதுவியா, போவாதுன்னு எழுதுவியா?"

இசைவாணி பேனாவைத் திறந்தாள். ஐம்பது பேரும் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.